முன்பே இருந்தவை

அழுக்கோடு அனுப்பக் கூடாது என்கிறது
லாரிக் கம்பெனியின் தாள்.
கழுவ வேண்டும்,
பளபளப்புக்காக அல்ல,
கீறல் தெரிவதற்காக.

பதினேழு வருடம்
இந்தக் காரை நாங்கள் சரியாகக் கழுவாமல் வைத்திருந்ததும்
அதே காரணத்துக்குத்தான்.

நவம்பர். லூயிஸ்டன் குழாய்த் தண்ணீர்
நகக்கண்ணுக்குள் புகுந்து கடிக்கிறது.
பக்கத்து வீட்டு ஹோதன்
மகனுக்குச் சிறிதாகிப்போன சட்டை ஒன்றைத்
துடைக்கக் கொண்டுவந்தாள், கூடவே
ஏலக்காய் தூக்கலாக ஒரு ஃபிளாஸ்க் டீ.
"கோர்ட் காரை அவருக்குக் கொடுத்தது, சரி.
கழுவியுமா கொடுக்கச் சொன்னது?"

பெட்ரோல் கால் டாங்க் போதுமாம்.
முழுதாக நிரப்பிய மறுநாள்தான் இதைப் படித்தேன்.
அந்த்ரோஸ்காகின் ஆற்றோரம்
மூடிக்கிடக்கும் பஞ்சாலைகளைச் சுற்றிச் சுற்றி
மூன்று சாயங்காலம் வீணாக ஓட்டி
முள்ளை இறக்கினேன்.
வீணாக என்றா சொன்னேன்?
சரி, இருக்கட்டும்.

உள்ளே சொந்தப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது.
முன்சீட்டுக்கு அடியில் கைவிட்டால்
காலாவதியான மீன்பிடி அனுமதிச் சீட்டு,
பாதி தின்ற இருமல் மிட்டாய்,
என் இடதுகை உறை.
ஷான்தால் எடுத்துவிட்டாள் என்று
ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க நாத்தனாரோடு
பேசாமல் இருந்தேனே, அந்த உறை.
வலதை எப்போதோ எறிந்தாயிற்று.

எட்டுத் திசையிலிருந்தும் ஹோதன் படம் எடுத்தாள்.
ஒன்பதாவதாக மைல் கணக்கு:
ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து நானூற்றாறு.

எங்கள் தெருவில் அந்த லாரி திரும்பாது.
சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்றிருந்தது,
ஏற்கெனவே ஆறு கார்களைச் சுமந்துகொண்டு.
டிரைவர் சிமியோன், மால்டோவாக்காரர்,
காதில் பென்சில்.
அவர் கையில் ஒரு காகிதம், அதில் ஒரு கார்,
உரித்து விரித்த தோல்போல
நான்கு பக்கமும் தட்டையாக.

கதவில் கீறல். ஒரு வட்டம் போட்டு,
"முன்பே இருந்தது" என்று எழுதினார்.
ஆஸ்பத்திரித் தூணில் இடித்த பம்பர்.
முன்பே இருந்தது.
சாலையில் கொட்டும் உப்பு தின்ற சக்கர வளைவு.
முன்பே இருந்தது.
இடப்பக்கம், தாழ்வாக, முஷ்டி அளவில் ஒரு பள்ளம்.
இது எனக்கே தெரியாது, என்றேன்.
அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை:
"இதுவும் முன்பே இருந்ததுதான், மேடம்."

கல்யாணத்தன்று பாதிரியாரிடம்
இப்படி ஒரு தாள் இருந்திருக்கலாம்.
இரண்டு பேரையும் கழுவித் துடைத்து
வெளிச்சத்தில் நிறுத்தி
வட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கலாம்.

மேல்தட்டில், பின்பக்கம் பார்த்தபடி
போனது கார்.

சுங்கச்சாவடி டப்பியைக் கண்ணாடியிலிருந்து
கழற்றிவிடவும் என்பது தாளின் கடைசி வரி.
நான் கவனிக்கவில்லை.
கவனித்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

யார்க்கில் போன் சிணுங்கியது. நான்கு டாலர்.
ஹாம்ப்டனில் ஒன்றரை.
சக்கரம் உருளாத காருக்குச் சுங்கம்!
ஹோதன் தலையில் அடித்துக்கொண்டாள்.
நியூ ஜெர்சி வந்தபோது பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தேன்.
டெலவேர், நள்ளிரவு.
பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை.
சிமியோன் எங்காவது தூங்கியிருப்பார்.

ஒன்பதாம் நாள், ஞாயிறு, தாம்பா,
காலை ஐந்து ஐம்பது.
எழுபத்தைந்து சென்ட்.

இது லாரி இல்லை.
தன் காலில் ஓடுகிறது கார்.
ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன்னால்
நோர்மான் எழுந்து
நான் பார்த்ததே இல்லை.

"இப்போதாவது கணக்கை மூடு" என்கிறாள் ஹோதன்.
இன்னும் பதினோரு டாலர் இருக்கிறது அதில்.
தீரட்டும்.